சாலை விரிவாக்கத்தில் சிக்கிய தொட்டிக்கட்டு வீடு: ஜாக்கியில் நகர்த்துவதா, பிரித்துக் கட்டுவதா?

காங்கேயம்_தோட்டம்

நாலுவழிச் சாலைக்கு அளந்து கல் நட்டாச்சுங்க. கல் விழுந்த இடம் தெற்கு ஆசாரத்துக்குள் (தெற்குக் கட்டின் கூடம்) 11 அடி. தோட்டத்து வீடு, நாலு பக்கமும் கட்டி நடுவில் வாசல் (திறந்த முற்றம்) விட்ட தொட்டிக்கட்டு. வெளியளவு 62க்கு 54 அடி, நடுவாசல் 18க்கு 16. வெளிச்சுவர் ஒன்றரை அடி கனம், செங்கல், சுண்ணாம்புச் சாந்து. உள்ளே தடுப்புச் சுவர்கள் ஓரடிதான், மண்சாந்து. வாசலைச் சுற்றி 16 தேக்குத் தூண், கல் பீடத்தின் மேல். கைமரம் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்) எல்லாம் பனை. கூரையில் முன்பாதி சீமை ஓடு (மங்களூர் ஓடு), பின்பாதி நாட்டு ஓடு.

அதே தோட்டத்தில் 300 அடி வடக்கே மேட்டு நிலம் இருக்கிறது. வீட்டை அப்படியே ஜாக்கி போட்டுத் தூக்கி உருட்டிவிடலாம் என்று ஒரு ஒப்பந்தக்காரர் சொல்கிறார். முடியுமா? முடியாதென்றால் பிரித்துக் கட்டுவதை எங்கிருந்து தொடங்குவது?

பளுக்கணக்கு

முதலில் எடையைப் பார்த்துவிடுவோம். செங்கல் கட்டு ஒரு கன அடி ஏறக்குறைய 54 கிலோ. ஒன்றரை அடிச் சுவர் 11 அடி உயரம் என்றால் ஓட்டடிக்கு (ஓரடி நீளத்துக்கு) 16.5 கன அடி, கிட்டத்தட்ட 890 கிலோ. வெளிச்சுவர் சுற்றளவு 232 அடி. கதவு சன்னல் இடைவெளி 15 சதவீதம் கழித்தால் 175 டன். உள்சுவர் 150 அடி என்று வைத்தால் இன்னொரு 90 டன். கூரை சரிவோடு சேர்த்து 3,500 சதுர அடி, அதற்கு 30 டன். ஆக 300 டன்னுக்குப் பக்கம்.

300 டன் ஜாக்கிக்குப் பெரிய பாரம் இல்லை. 250 ஜாக்கி வைத்தால் ஒன்றுக்கு ஒன்றேகால் டன்கூட வராது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2022இல் பஞ்சாபின் சங்ரூர் மாவட்டம் ரோஷன்வாலா கிராமத்தில் ஒரு விவசாயி தன் இரண்டு மாடி வீட்டை டெல்லி–அமிர்தசரஸ்–கத்ரா விரைவுச்சாலைக்காக 500 அடி நகர்த்தியது செய்திகளில் வந்தது. எல்லோரும் அந்தப் படத்தைக் காட்டித்தான் பேசுகிறார்கள். ஆனால் அது அண்மையில் கட்டிய வீடு. சிமெண்ட் கட்டும் கான்கிரீட் தளமும் உள்ள வீடு ஒரு பெட்டி மாதிரி சேர்ந்து நிற்கும். அடியில் ஐ-பீம் கொடுத்துத் தூக்கினால் மொத்தமாக எழும்.

தொட்டிக்கட்டு பெட்டி இல்லை, நடுவில் ஓட்டை உள்ள சட்டம். நாலு பக்கக் கட்டுகளையும் கோத்துப் பிடிப்பது கூரை மட்டும்தான். சுண்ணாம்புச் சாந்து அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. மண்சாந்து அதைவிட மோசம். ஒரு மூலை ஜாக்கி பக்கத்து ஜாக்கியைவிட அரை அங்குலம் முந்தினாலே சன்னல் மூலையிலிருந்து விரிசல் ஓடும். போதாக்குறைக்கு 16 தூணும் கல்மேல் சும்மா நிற்பவை, அடியோடு எந்தப் பிணைப்பும் கிடையாது. சுவரோடு சேர்த்து இவற்றையும் ஒரே சட்டத்தில் எடுக்க வேண்டும்.

ஜாக்கி_32

மேலே சொன்னது சரிதான், ஆனால் "முடியவே முடியாது" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவரையும் தூக்கலாம். தரைமட்டத்துக்குச் சற்று மேலே 3 அடிக்கு ஒரு துளை. அதில் குறுக்கே இரும்பு ஐ-பீம் செருகி, சுவரின் இரு பக்கமும் நீளவாட்டில் இன்னொரு ஜோடி பீம். இடைவெளியைச் சுருங்காத சிமெண்ட் கலவையால் இறுக்கி அடைத்த பிறகே அடியில் சுவரை அறுப்பது. எல்லாத் திறப்புகளையும் செங்கல் வைத்து மூடியோ மரச்சட்டம் குறுக்கே கொடுத்தோ விறைப்பாக்க வேண்டும். விசில் ஊதியதும் எல்லா ஆளும் ஒரே சமயத்தில் கால் சுற்று. மட்டம் பார்த்துவிட்டு அடுத்த விசில்.

300 அடி உருட்டுவதுதான் செலவு பிடிக்கும் வேலை. வழி முழுக்க மண்ணை இறுக்கி, தண்டவாளம் ஒரே மட்டத்தில் போட வேண்டும். நிலம் மேடேறுகிறது என்கிறீர்கள், அப்படியென்றால் வழியை வெட்டவோ நிரப்பவோ வேண்டும். நிரப்பிய மண் உருளையின் கீழ் அரை அங்குலம் அமுங்கினாலும் பளுக்கணக்கு சொன்ன விரிசல்தான். ஒப்பந்தக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: மண்சாந்துச் சுவரை இதற்கு முன் எங்கே நகர்த்தினீர்கள்? வெறுமனே தூக்கி உயர்த்திய வீட்டைக் காட்டினால் அது பதில் ஆகாது. உயர்த்துவது வேறு, நகர்த்துவது வேறு.

ஆசாரிப்பட்டறை

இந்த வீட்டுக்குப் பிரித்துக் கட்டுவதே வழி. இதில் உண்மையில் இடம் மாறப்போவது மரமும் கல்லும் கதவும் ஓடும். சுவர் புதிதாக எழும். இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மாமல்லபுரம் போகும் வழியில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1996இல் திறந்தது. கோட்டயத்துப் புதுப்பள்ளியிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த சிரியன் கிறிஸ்தவ வீடு அங்கே நிற்கிறது. முழுக்க மரப்பலகைச் சுவர், ஆகவே அலமாரி மாதிரி கழற்றிப் பூட்டலாம். நம் வட்டாரத்து வீடுகளில் அந்த வசதி கிடையாது. சுவரோடு சேர்ந்த மரத்தை எப்படி அடிபடாமல் எடுப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

ஓட்டில் கை வைக்கும் முன் அளவு. தரைப்படம், நாலு பக்க வெட்டுமுகம் 1:50இல். இணைப்புகள், போதிகை (தூண் தலையில் உத்திரத்தைத் தாங்கும் கட்டை), நிலை (கதவுச் சட்டம்) 1:10இல். தண்ணீர் மட்டக் குழாய் வைத்து 16 தூண் கல்லின் மேல்மட்டத்தையும் தனித்தனியே குறியுங்கள். ஒவ்வொரு தூணுக்கும் தூக்குக்குண்டு விட்டு எந்தப் பக்கம் எத்தனை சாய்வு என்று எழுதுங்கள். நடுவாசலின் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவையும் எடுங்கள். பழைய வீட்டில் அவை சமமாக இருக்கவே இருக்காது, இரண்டு மூன்று அங்குலம் வித்தியாசம் வரும்.

புது இடத்தில் அந்தக் கோணலை அப்படியே போட வேண்டும். எல்லோரும் வழுக்குகிற இடம் இது. மேஸ்திரி மூலைமட்டம் வைத்துச் சுத்தமான செவ்வகம் போட்டுவிடுவார். கூரை ஏற்றும்போது மூலைக் கைமரத்தில் ஒன்று நீளும், ஒன்று எட்டாது. கழுந்து (மரமுனையில் செதுக்கிய நாக்கு) துளையில் உட்காராது. பிறகு ஆளுக்கொரு பக்கம் மரத்தைச் செதுக்குவார்கள், நூறு வருஷத்து இணைப்பு எல்லாம் போயிற்று.

அடையாள எண் சுண்ணக்கட்டியில் எழுதினால் முதல் மழையோடு போய்விடும். பெயிண்ட் மரத்தை நாசமாக்கும். ஓரங்குல அலுமினியத் தகட்டில் எண் அச்சு அடித்து, பித்தளை ஊசியாணியால் மரத்தின் இரண்டு முனையிலும் பொருத்துங்கள். இரும்பாணி தேக்கில் கறுப்புக் கறை விடும். குறியீடு இப்படி இருக்கலாம்: தெ-கை-14-மே. தெற்குக் கட்டு, கைமரம், கிழக்கிலிருந்து 14ஆவது, மேல்முனை.

பளுக்கணக்கு

அண்ணா, மேற்குக் கட்டுக்கும் "மே", மேல்முனைக்கும் "மே" என்றால் கொட்டகையில் அடி விழும்.

ஆசாரிப்பட்டறை

சரிதான். மேல்முனைக்கு "மோ" என்று வையுங்கள், மோட்டுப் பக்கம் (கூரை உச்சி). கீழ்முனைக்கு "இ", இறவாணப் பக்கம் (கூரையின் கீழ்விளிம்பு). கிழக்குக்கு "கி" இருக்கிறது என்பதால் கீழ்முனைக்கு "கீ" வேண்டாம், ஒரு சுழியில் ஏமாந்துவிடுவோம்.

இனி பிரிக்கும் வரிசை. ஓடு மோட்டிலிருந்து கீழ்நோக்கி, இரண்டு சரிவிலும் சமமாக. ஒரு பக்கம் மட்டும் காலி செய்தால் பளு ஏறுமாறாகி மோட்டுவளை (உச்சி மரம்) தள்ளிப்போகும். அடுத்து ரீப்பர் (ஓடு பதியும் மெல்லிய சட்டம்). கைமரத்தை எடுக்கும் முன்னே தூணையும் உத்திரத்தையும் சவுக்குக் கம்பால் குறுக்குமறுக்காகக் கட்டியாக வேண்டும். உத்திரத்தை இதுவரை நிமிர்த்திப் பிடித்திருந்தது கைமரங்கள்தான். அவை போனதும் உத்திரம் தூணோடு வாசலுக்குள் சாயும். ஆள் சாகிற விபத்து பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

சிறு கைமரங்கள் முதலில், அவை சாய்ந்திருக்கும் நாலு மூலைக் கைமரமும் நாலு கூடல்வாய்க் கைமரமும் (வாசல் மூலையில் இரண்டு சரிவு சேரும் பள்ளத்து மரம்) கடைசியில். பழைய பட்டை ஆணியைக் கடப்பாரையால் நெம்பினால் பனை நார்நாராகப் பிளக்கும். இடுக்கில் ரம்பத்தகட்டை விட்டு ஆணியை அறுத்துவிடுங்கள், மிச்சம் மரத்துக்குள்ளேயே இருக்கட்டும். மர ஆப்பாக இருந்தால் சிறிய பக்கத்திலிருந்து தட்டினால் வந்துவிடும். வராவிட்டால் துளைபோட்டு எடுக்கலாம், ஆப்பு புதிதாகச் செய்யக்கூடியதுதானே.

உத்திரம் 10க்கு 10 அங்குலம், 16 அடி என்றால் 11 கன அடி. தேக்கு கன அடி 18–19 கிலோ. ஆக 200 கிலோவுக்கு மேல். கையால் இறக்க நினைக்காதீர்கள். மூன்று கம்பு நட்ட முக்காலியும் ஒரு டன் சங்கிலிக் கப்பியும் வையுங்கள். கயிறு போடும் இடத்தில் சாக்கு சுற்றுங்கள்.

நிலைக்கதவு தனி வேலை. நிலையைச் சுவர் எழுப்பும்போதே நிறுத்திக் கட்டியிருப்பார்கள், இழுத்தால் வராது. சுற்றியுள்ள செங்கல் கட்டுமானத்தை மேலிருந்து பிரித்து, சுவருக்குள் போகும் இரும்புப் பிடிகளை அறுத்து, குறுக்கே இரண்டு சட்டம் அடித்து, நிலையை முழுசாக நிமிர்த்தியபடியே எடுங்கள். படுக்கவைத்தால் மூலை இணைப்பு விட்டுவிடும்.

காங்கேயம்_தோட்டம்

அருமைங்க. ஓடு எவ்வளவு சேதாரம் ஆகும்? பனங்கை பழையதையே போடலாமா? இன்னொன்று, வீட்டில் ஒரு யோசனை சொல்கிறார்கள்: தெற்குக் கட்டை மட்டும் இடித்துவிட்டு மற்ற மூன்று பக்கத்தையும் அப்படியே விட்டால் என்ன?

ஆசாரிப்பட்டறை

சீமை ஓடு சதுர மீட்டருக்கு 15. முன்பாதிக் கூரை 164 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 2,460 ஓடு. பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்றுவரை உடையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்று ஓடு தேடும்போது ஓட்டின் அடியில் உள்ள தொழிற்சாலை முத்திரையைப் பாருங்கள். வேறு அச்சு ஓடு பக்கத்து ஓட்டோடு பல் சேராது, மழை உள்ளே வரும். கலந்தே ஆகவேண்டும் என்றால் ஒரு சரிவு முழுக்க ஒரே அச்சு, இன்னொரு சரிவில் மற்றது. நாட்டு ஓட்டில் மூன்றில் ஒன்று போவது சாதாரணம். உடைந்ததை எறியாதீர்கள், சுர்க்கிக்கு (சாந்தில் கலக்கும் சுட்ட மண் தூள்) இடித்துக்கொள்ளலாம்.

பனங்கையை (பனைக் கைமரத்தை) தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே சோறு (மென்மையான உள்பகுதி) போய்விட்டது. இறவாணப் பக்க முனையில் கூர் ஊசியால் குத்திப் பாருங்கள். ஓரடி மட்டும் கெட்டிருந்தால் அதை அறுத்துவிட்டுச் சின்ன கைமரமாக மூலைப் பகுதியில் போடலாம். அங்கே எல்லா நீளமும் தேவைப்படும். அந்த மரத்துக்கு எண்ணை மாற்றி எழுத மறக்காதீர்கள். புதுப் பனை வேண்டுமென்றால், வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். சாலையோரம் இடிபடும் மற்ற வீடுகளில் கேட்பது எளிது.

பளுக்கணக்கு

மூன்று பக்கத்தை விடுவது பற்றி: தெற்குக் கட்டு போனால் கிழக்கு, மேற்குக் கட்டுகளின் தென்முனை அந்தரத்தில் நிற்கும். கூடல்வாயில் இரண்டு போய்விடும், அந்த இடத்தில் புதிதாக முக்கோணச் சுவர் எழுப்பிக் கூரையை முடிக்க வேண்டும். செய்யலாம். ஆனால் புதிய சாலை பழையதைவிட மேடாகத்தான் வரும். நடுவாசல் தண்ணீர் இப்போது எந்தப் பக்கம் வெளியேறுகிறது? தெற்கே என்றால் முதல் ஐப்பசியிலேயே வாசல் குளமாகும். சாலையிலிருந்து சில அடியில் மண்சாந்துச் சுவர், தினமும் டாரஸ் லாரி. வேண்டாம் என்பது என் கருத்து.

நில_எடுப்பு

தொழில்நுட்பம் பேசுகிறீர்கள், நாட்காட்டியையும் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம்; 3ஏ, 3டி, 3ஜி எல்லாம் அதன் பிரிவுகள். 3ஏ அறிவிக்கை (நிலம் எடுக்கும் எண்ணத்தைச் சொல்வது) வந்ததிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணை. அறிவிக்கை தேதியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதி செய்யுங்கள், கல் நட்ட தேதி கணக்கில் வராது. 3டி அறிவிக்கை (எடுப்பதை உறுதி செய்வது) வந்ததுமே நிலம் அரசின் பெயரில் சேர்ந்துவிடும், வீடு உங்கள் கையில் இருந்தாலும். இழப்பீட்டுத் தொகை செலுத்தப்பட்டபின் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும், அதிலிருந்து 60 நாள். மாநில நெடுஞ்சாலை என்றால் 2001ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், நடைமுறை வேறு.

60 நாளில் இந்த வீட்டைப் பிரிக்கலாம், ஆனால் அளந்து பிரிக்க முடியாது. ஆகவே அளவெடுப்பை இன்றே தொடங்குங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: கட்டடத்தின் மதிப்பை அதிகாரிகள் அளந்து பதியும் வரை ஒரு ஓட்டைக்கூட இறக்காதீர்கள். கூரை இல்லாத வீட்டை அளந்தால் கூரை இல்லாத வீட்டுக்குத்தான் பணம். அளவெடுக்க வரும்போது கூடவே நின்று தேக்குத் தூண், கல் பீடம், செதுக்கிய நிலை எல்லாவற்றையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். "ஓட்டு வீடு, இத்தனை சதுர அடி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். கட்டடத்துக்கும் சேர்த்தே 100 சதவீத ஆறுதல் தொகை (மதிப்புக்கு மேல் தரும் கூடுதல் தொகை) உண்டு. தொகை போதாதென்றால் 3ஜி(5)இன்படி நடுவரிடம் போகலாம். இடிபொருளை நீங்களே எடுத்துக்கொள்வதை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது.

ஒரே தோட்டத்துக்குள் நகர்த்துவதால் உங்களுக்கு இல்லை, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பழைய தேக்கை லாரியில் வேறு ஊருக்குக் கொண்டுபோனால் மரப் போக்குவரத்து விதிகள் குறுக்கே வரும். வீட்டுவரி ரசீது, படங்கள், கிராம நிர்வாக அலுவலர் சான்று வைத்து வனச்சரக அலுவலகத்தில் முன்பே கேளுங்கள்.

காளவாய்ச்_சுண்ணாம்பு

சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கலில் நூற்றுக்கு 60–70 முழுசாக மீளும். மண்சாந்தில் அதைவிட நன்றாக வரும், தண்ணீர் தெளித்து ஊறவிட்டால் கையோடு கழன்றுவிடும். பொக்லைன் விட்டால் ஒன்றும் மீளாது. மண்சாந்தையும் குவித்து வையுங்கள், சலித்து மறுபடி மிதித்துப் பிசையலாம்.

இந்தப் பழைய செங்கலைச் சிமெண்டில் கட்டாதீர்கள். சிமெண்டுக் கலவை செங்கலைவிடக் கடினம், ஈரத்தையும் வெளியே விடாது. ஈரம் செங்கல் வழியே வெளியேறப் பார்க்கும், உப்பு பூக்கும். சில வருஷத்தில் செங்கல் முகம் பொரிந்து உதிரும், சாந்து மட்டும் எலும்பு மாதிரி துருத்தி நிற்கும்.

கட்டுச் சாந்துக்கு நீர்த்த சுண்ணாம்பு 1, சுர்க்கி 1, மணல் 2. சுண்ணாம்பைத் தொட்டியில் குறைந்தது 15 நாள் ஊறப்போடுங்கள், பூச்சுக்கு இன்னும் கூடுதல். கடுக்காயை இடித்துப் பனைவெல்லத்தோடு தண்ணீரில் பத்து நாள் புளிக்கவிட்டு அந்த நீரில் குழைப்பது நம் வழக்கம். சுவர் ஒரு நாளைக்கு 2 அடிக்கு மேல் எழும்பக் கூடாது. அடிச்சாந்து இறுகும் முன் மேலே ஏற்றினால் சுவர் வயிறு தள்ளும். ஆகவே கட்டும் காலம் தையில் தொடங்கட்டும்.

ஜாக்கி_32

அடித்தளத்தில் ஒரு கான்கிரீட் பட்டை போடலாம் அல்லவா? 6 அங்குல உயரம், 12 மி.மீ. கம்பி நாலு.

காளவாய்ச்_சுண்ணாம்பு

தரைக்குக் கீழே கருங்கல் கட்டின் தலையில் போடுங்கள், ஆட்சேபணை இல்லை. யார் கண்ணுக்கும் தெரியாது, நாலு கட்டையும் பிணைக்கும், மேலேறும் ஈரத்தையும் குறைக்கும். தோண்டும்போது செம்மண் சரளை கிடைத்தால் கடைக்கால் (அஸ்திவாரம்) மூன்றடி போதும். நடுவில் கரிசல் திட்டு வந்தால் வெடிப்பு முடியும் ஆழம்வரை எடுத்துவிட்டு மணல் இறுக்குங்கள். பாதி சரளை பாதி கரிசல் என்றால் அந்த எல்லையில் சுவர் கட்டாயம் பிளக்கும், வீட்டை நாலடி தள்ளிப் போடுவதே நல்லது.

கரையான் மருந்தைக் கடைக்கால் குழியிலும் தரை நிரப்பின் மேலும் அடித்துவிட்டே மேலே போங்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313 தரையின் பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்கிறது. மரத்துக்குப் போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசல் இரண்டு கை பூசலாம். கழிவு ஆயிலைப் பூசச் சொல்பவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள். மரம் கறுத்துவிடும், பிறகு எந்த மெருகும் ஏறாது.

காங்கேயம்_தோட்டம்

ரொம்ப நன்றிங்க. 3ஏ அறிவிக்கை இன்னும் வரவில்லை, கேட்டாச்சு. அளவெடுப்பு இந்த வாரமே. ஜாக்கி யோசனையைக் கைவிடுகிறோம். மரத்தை ஆறேழு மாதம் போட்டுவைக்க மாட்டுக் கொட்டகை போதுமா? தார்ப்பாய் வாங்கி மூடிவிடலாமா?

ஆசாரிப்பட்டறை

கொட்டகை போதும், தார்ப்பாய் சுற்ற வேண்டாம். உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கல் வைத்து அடுக்குங்கள். அடுக்குக்கு அடுக்கு இரண்டரை அடிக்கு ஒரு பட்டை, பட்டைகள் நேர்மேலாக வரட்டும். கட்டு வாரியாக நாலு குவியல், மூலைக் கைமரமும் கூடல்வாயும் ஐந்தாவது. ஓட்டைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள், நாலு வரிசைக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

தூண் அடி இற்றிருந்தால் முழுத் தூணை மாற்றாதீர்கள். கெட்ட பகுதியை அறுத்துச் சாய்வெட்டில் பழைய தேக்கையே ஒட்டலாம். சாய்வின் நீளம் தூண் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு. நாலைந்து அங்குலம்தான் போயிருக்கிறது என்றால் கல் பீடத்தை அந்த அளவு உயர்த்திக்கொள்வது இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று விட்டுப்போயிற்று. தண்ணீர் எல்லாம் வந்து சேரும் இடம் என்பதால் கூடல்வாய்க் கைமரம் நாலும் இற்றிருக்கும். பெரும்பாலும் புதிதாகவே செய்ய வேண்டிவரும். அதனால் அவற்றை இறக்கும் முன்பே மோட்டு முனை, இறவாண முனை இரண்டின் வெட்டுக் கோணத்தையும் மெல்லிய ஒட்டுப்பலகையில் அச்சு எடுத்து அந்தந்த எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறக்கும்போது முனை பொடிந்துவிட்டால் பிறகு அளக்க ஒன்றும் இருக்காது. கூடல்வாய்த் தகடு குறைந்தது 18 அங்குல அகலம், பழைய தகரத்தைத் திரும்பப் போடாதீர்கள்.